பச்சை வெளிச்சத்தில் நிணநீர்ப் பாதை: பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் புதிதாக வருவோருக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் அறுவைப் பிரிவில் ரெஜிஸ்ட்ராராகவோ (பயிற்சி அறுவை மருத்துவர்) தியேட்டர் சிஸ்டராகவோ புதிதாகச் சேர்ந்து, நிணநீர்ப் பாதையை ஒளிரவைத்துக் காட்டும் ஐ.சி.ஜி. சாயத்தைப் பார்க்கும் கேமராவின் முன் முதல் தடவை நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். லேப்பராஸ்கோப்பியின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். தெரியவேண்டிய மிச்சம் மருந்தைக் கரைப்பது, ஊசி போடுவது, காத்திருப்பது, திரையில் தெரிவதை நம்புவது அல்லது நம்பாமலிருப்பது.

கடைசியில் சொன்னதை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் பிழை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. திரையில் ஒரு நிணநீர் முடிச்சு ஒளிர்ந்தால் அதில் புற்றுநோய் ஏறிவிட்டது என்று பொருள் இல்லை. கட்டியைச் சுற்றிப் போட்ட சாயம் நிணநீரோடு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. ஒரு முடிச்சு முழுக்கப் புற்று அணுக்களால் அடைபட்டுவிட்டால் சாயம் அதற்குள் நுழையாது. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வேறு வாய்க்காலில் திரும்புவதுபோல நிணநீரும் பக்கவழியில் போய்விடும். எனவே மோசமான முடிச்சே இருட்டாகக் கிடக்கலாம். இதிலிருந்து வரும் விதி ஒன்றுதான்: ஒளிர்வதைப் பார்த்து வெட்டும் எல்லையைக் கூட்டலாம், ஒளிரவில்லை என்பதற்காக ஒருபோதும் குறைக்கக்கூடாது. ஸ்கேனைப் பார்த்து நீங்கள் முடிவுசெய்த எல்லை அப்படியே நிற்கட்டும். கையில் கெட்டியாகத் தட்டுப்படும் முடிச்சு, திரையில் கறுப்பாக இருந்தாலும் வெளியே வரவேண்டியதே.

சாயமும் வெளிச்சமும்

ஐ.சி.ஜி. என்பது இண்டோசயனின் கிரீன். கோடாக் நிறுவன ஆய்வகத்தில் பிறந்த சாயம். அமெரிக்காவில் 1959 முதல் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது. அக்காலத்தில் இதயம், கல்லீரல் எப்படி வேலைசெய்கின்றன என்று அளக்கப் பயன்பட்டது. சுமார் 800 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில், ஒளியை வாங்கி, சுமார் 830 நானோமீட்டரில் திருப்பித் தருகிறது. திரையில் காணும் பச்சை மென்பொருள் பூசிய நிறம். குப்பியில் இருக்கும் பொடியும் கரும்பச்சைதான், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அண்மை அகச்சிவப்பு திசுவுக்குள் அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர். அதற்கு மேல் கொழுப்பு மூடியிருந்தால் அடியில் என்ன ஒளிர்ந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. கொழுத்த உடம்புக்காரரிடம் முதல் பார்வையில் ஒன்றும் காணவில்லை என்றால் அதிர்ச்சியடைய வேண்டாம். மேலுறையைத் திறந்து கொழுப்பை மெல்லியதாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

சாயம் இரத்தத்தில் ஏறினால் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் கல்லீரல் அதை வடித்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். சிறுநீரில் போவதில்லை. பித்த வழியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் ஒரு பொய் வெளிச்சத்துக்கு அதுவே காரணமாகப்போகிறது.

நோயாளியிடம் கேட்கவேண்டியது

பொடியில் சிறிதளவு சோடியம் அயோடைடு கலந்திருக்கிறது. அயோடைடு ஒவ்வாமை உள்ளவருக்கும், முன்பு ஐ.சி.ஜி.க்கே ஒவ்வாமை காட்டியவருக்கும் வேண்டாம். டர்பனில் இந்தக் கேள்விக்கு அடிக்கடி வரும் பதில், “இறால் எனக்கு ஒத்துக்காது டாக்டர்.” இறால் ஒவ்வாமைக்குக் காரணம் இறாலின் தசைப் புரதம், அயோடின் அல்ல. அதை மட்டும் வைத்துத் தடைபோட வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவையுங்கள், மயக்கமருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். அவர் எப்படியும் கேட்பார். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் ஸ்கேன் வைத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். சாயம் போட்டபின் ஒரு வாரத்துக்கு அந்த ஸ்கேனின் கணக்கு சரியாக வராது.

ஒப்புதல் வாங்கும்போது நீளமாகப் போக வேண்டாம். “கட்டியிலிருந்து நீர் எந்த வழியாக ஓடுதுன்னு பார்க்க ஒரு சாயம் போடுவோம் ஆயா, அந்த வழியில இருக்கிற நெறிக்கட்டியெல்லாம் சேர்த்து எடுக்கத்தான்” என்றால் வயதானவர்களுக்கும் புரிகிறது. நிணநீர் முடிச்சு என்ற சொல்லைவிட ‘நெறி கட்டுவது’ நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தமிழ் வராத பேரப்பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் சொல்லலாம். ஜூலு பேசும் நோயாளிக்கு வார்டில் மொழிபெயர்ப்பவர் யாரென்று முதல்நாளே பார்த்துவையுங்கள். குடலைச் சுற்றிப் போடும் ஊசிக்கு இந்த மருந்தின் அனுமதிச் சீட்டில் இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மருந்து வாங்குவதிலும் ஒரு கவனம். உங்கள் மருத்துவமனைக்கு வரும் குப்பி தென்னாப்பிரிக்காவில் பதிவானதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பதிவாகாததென்றால் 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் மாலை கேட்டுக் கிடைக்கும் காரியமல்ல அது.

எப்போது, எங்கே ஊசி

இரண்டு வழிகள் உண்டு. முதல்நாள் கொலனோஸ்கோப்பியில் சளிச்சவ்வுக்கு அடியில் போடுவது ஒன்று. அறுவையன்று மேசையில், குடலின் வெளிப்பக்கமிருந்து சீரோசா என்னும் வெளியுறைக்கு அடியில் போடுவது இன்னொன்று. முதல் வழியில் நிணநீர் தானாக ஓட ஓர் இரவு கிடைக்கிறது, வயிற்றுக்குள் சிந்தும் அபாயமும் குறைவு. சிறிய கட்டி வெளியிலிருந்து தெரியாது என்பதால் இடம் காட்டும் அடையாளமாகவும் அது உதவும். கட்டி குடலை அடைத்திருந்தால் கருவியால் சுற்றிவர முடியாது. அப்போது இரண்டாம் வழிதான். வசதி இருக்குமானால் முதல் வழியைப் பழகுங்கள் என்பது எங்கள் யோசனை. குடல் அடைப்போடும் ஓட்டையோடும் நள்ளிரவில் வரும் அவசர நோயாளிக்கு இந்தச் சாயமே வேண்டாம்.

கொலனோஸ்கோப்பி செய்பவரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அதே இடத்தில் கறுப்பு மையையும் குத்தாதீர்கள். கரித்துகள் அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். மை குத்திய இடத்தில் ஐ.சி.ஜி. இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். மை ஏற்கெனவே இருந்தால் அதிலிருந்து விலகிய பக்கத்தில் சாயத்தைப் போடலாம்.

கரைப்பது

குப்பியில் 25 மி.கி. பொடி இருக்கும். அதோடு வரும் ஊசி நீரில் மட்டுமே கரைக்கவேண்டும். சலைனில் கரைத்தால் பொடி திரண்டு அடியில் தங்கும், குழாயில் துகள்கள் மிதக்கும். தியேட்டரில் சலைன் பையே கைக்கெட்டும் தூரத்தில் தொங்குவதால் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. சிரிஞ்சின் மேல் என்ன நீர் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

25 மி.கி.யை 20 மி.லி. நீரில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 1.25 மி.கி. கருப்பைவாயில் நிணநீர்ப் பாதை பார்க்க அமெரிக்காவில் 2018இல் அனுமதிக்கப்பட்ட செறிவும் இதுதான். பெருங்குடலுக்கு அணிக்கு அணி அளவு மாறும். சிலர் இதைவிட நீர்க்கவைப்பார்கள், சிலர் 10 மி.லி.யில் கரைத்து 2.5 மி.கி. செறிவில் மிகக் குறைவாகப் போடுவார்கள். புதியவர்கள் 1.25இல் தொடங்கி அதையே பிடித்துக்கொள்வது நல்லது. குப்பி சிறிதாக இருந்தால் முதலில் 10 மி.லி.யில் கரைத்து, 20 மி.லி. சிரிஞ்சுக்குள் இழுத்து, மீதியை அதே நீரால் நிரப்புங்கள். பொடி முழுக்கக் கரையும்வரை மெதுவாகச் சுழற்றவேண்டும், குலுக்கினால் நுரைதான் வரும். ஒளிபடாமல் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மிச்சத்தை அடுத்த நோயாளிக்கு வைக்கக்கூடாது, அதில் கிருமித்தடுப்பு எதுவும் கிடையாது.

சாயத்தைக் கெட்டியாகப் போட்டால் வெளிச்சம் கூடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. செறிவு மிஞ்சினால் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கிக்கொள்ளும். ஊசி போட்ட இடத்தின் நடு மங்கலாகவும் விளிம்பு மட்டும் பிரகாசமாகவும் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

ஊசி போடும் கை

கொலனோஸ்கோப்பியில்: 25 கேஜ் ஊசி. கட்டியின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு தள்ளி, முதலில் கொஞ்சம் சலைன் செலுத்திச் சளிச்சவ்வை மேலே எழுப்புங்கள். மேடு எழுந்தால் ஊசி சரியான படலத்தில் இருக்கிறது. ஊசியை அசைக்காமல் சிரிஞ்சை மட்டும் மாற்றி, அந்த மேட்டுக்குள் 0.5 மி.லி. சாயம் விடுங்கள். மருந்து கரைக்கத்தான் சலைன் ஆகாது, திசுவில் மேடு எழுப்ப ஆகும். மேடு எழாமல் போனால் ஊசி ஆழமாகிவிட்டது. அந்த நிலையில் சாயம் விட்டால் குடலைத் தாண்டி வயிற்றுக்குள் போகும். இழுத்து, சாய்த்து, மறுபடி முயலுங்கள். கட்டியைச் சுற்றி இரண்டு முதல் நான்கு இடங்கள் போதும்.

மேசையில்: துவாரங்கள் போட்டு வயிற்றைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் முதல் வேலை இதுவாக இருக்கவேண்டும். குடலை விடுவிக்கவோ இரத்தக்குழாயைக் கட்டவோ தொடங்கிவிட்டால் நிணநீர்க் குழாய்களும் அறுந்திருக்கும், பிறகு போடும் சாயம் எங்கும் போகாது. காயப்படுத்தாத பிடிகருவியால் குடலை நிறுத்திப் பிடித்து, 10 அல்லது 12 மி.மீ. துவாரம் வழியாக ஒரு கட்டு காஸை (ஒற்றும் துணி) உள்ளே அனுப்பி ஊசியின் அருகே வையுங்கள். 23 அல்லது 25 கேஜ் ஊசி, அதன் சாய்ந்த முகம் மேலே. ஏறக்குறைய குடலுக்கு இணையாகப் படுக்கவைத்து நுழைக்கவேண்டும். சற்று இழுத்துப் பார்த்து இரத்தமோ குடல்காற்றோ வரவில்லை என்றால், கட்டியின் இருபுறமும் மெசென்டெரி (குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பு) பக்கமாக இடத்துக்கு 0.25 முதல் 0.5 மி.லி. மெதுவாக விடுங்கள். பட்டாணி அளவு கொப்புளம் எழும். ஊசியை உருவியதும் காஸால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். காஸ் வெளியே வரும்போது வயிற்றுச் சுவரில் தேய்க்காமல் வரட்டும்.

கட்டி சீரோசாவைத் துளைத்து வெளியே தெரிந்தால் அதன் வழியாக ஊசியைச் செலுத்தாதீர்கள். நோயணுக்களை வயிற்றுக்குள் நீங்களே விதைப்பதாகிவிடும்.

சிந்திவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருதடவை பார்த்தவர் மறக்கமாட்டார். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, அதுபோல வயிறு முழுக்கப் பச்சை. கழுவி உறிஞ்சினால் கொஞ்சம் தெளியும், கழுவும் நீர் அதைப் பரப்பியும் விடும். அதனால் முதலில் உறிஞ்சி, ஈரக் காஸால் ஒற்றியெடுத்து, அதன்பிறகே கொஞ்சமாகக் கழுவுங்கள். சாயம் பட்ட கையுறையையும் பிடிகருவியையும் மாற்றாவிட்டால் தொட்ட இடமெல்லாம் ஒளிரும். இதைக் கவனிப்பது ஸ்கிரப் சிஸ்டரின் கையில்தான் இருக்கிறது.

கேமரா

ஸ்ட்ரைக்கரின் ஸ்பை, ஸ்டோர்ஸின் ரூபினா, டா வின்சி ரோபோவின் ஃபயர்ஃப்ளை என்று பெயர்கள் பல. வேலை ஒன்றே. வெளிச்சமே வரவில்லை என்று பதறும்போது முதலில் பார்க்கவேண்டியது மருந்தை அல்ல, ஸ்கோப்பையும் ஒளிக்கம்பியையும். அண்மை அகச்சிவப்புக்கென்று செய்த ஸ்கோப் தனி. பழைய ஸ்கோப்பைப் பூட்டினால் வெள்ளைப் படம் அருமையாக வரும், ஒளிர்வு மட்டும் வராது. எல்லாத் தட்டிலும் எல்லா ஸ்கோப்பும் ஒன்றுபோலத் தெரிவதால் கிருமிநீக்கம் செய்து வரும்போது மாறிப்போக வாய்ப்புண்டு. சாயத்தைக் கரைத்ததும், ஊசி போடும் முன்பே, குப்பி விளிம்பில் ஒட்டிய ஒரு துளியைக் காஸில் தொட்டுக் கேமராவுக்குக் காட்டிச் சோதித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

மூன்று விதமான திரை இருக்கும்: வெள்ளைப் படத்தின் மேல் பச்சை, கறுப்பு வெள்ளை, செறிவுக்கேற்ப நிறம் மாறும் படம். மங்கலான முடிச்சைத் தேட கறுப்பு வெள்ளையே சிறந்தது. கண்டுபிடித்தபின் வெட்டுவதற்குப் பச்சை மேற்பூச்சுக்கு மாறுங்கள். நுனியை ஐந்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோங்கள், தூரம் கூடினால் ஒளி தேய்ந்துவிடும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் தியேட்டர் விளக்குகளை அணைக்கவேண்டும், குறிப்பாகப் பழைய ஹாலோஜன் விளக்குகளை.

லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் கருவி அணைந்து எழுந்தால், நீங்கள் வைத்த அமைப்புகள் போயிருக்கலாம். கருவி யு.பி.எஸ்.ஸில் இணைந்திருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

காத்திருப்பதும் பார்ப்பதும்

மேசையில் போட்ட சாயம் சில நிமிடங்களில் நூல்போல் ஓடத் தொடங்கும். முழுப் பாதையும் தெரிய 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். அந்நேரத்தில் சிறுகுடலை ஒதுக்கலாம், ஒட்டல்களை விடுவிக்கலாம், மெசென்டெரியில் மட்டும் கைவைக்கக்கூடாது. பிறகு மெசென்டெரியை விரித்துப் பிடித்து இருபுறமும் பாருங்கள். ஒளிரும் கோடு முடியும் இடத்தில் டயாதெர்மியால் ஒரு புள்ளி வைத்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை தன் சோற்றைத் தானே சம்பாதிப்பது மண்ணீரல் வளைவில்தான். அங்குள்ள கட்டியின் நிணநீர் நடு கோலிக் நாளத்தின் இடக் கிளையோடு போகலாம், இட கோலிக்கோடு இறங்கலாம், கீழ் மெசென்டெரிக் சிரையின் பக்கமாகவும் ஓடலாம். ஆளுக்கு ஆள் மாறும், ஸ்கேனில் தெரியாது. இரத்தக்குழாயைக் கட்டுவதற்குமுன் எந்தப் பக்கம் நூல் ஓடுகிறது என்று தெரிந்தால் எதைக் கட்டுவது, எதை விடுவது என்ற கேள்விக்கு ஆதாரம் கிடைக்கிறது. கல்லீரல் வளைவுக் கட்டியிலும் இதே கதை: சில நேரம் இரைப்பையின் கீழ்விளிம்பையொட்டி, பைலோரஸுக்குக் (இரைப்பையின் கடைவாய்) கீழே ஒளி தெரியும். முடிச்சு நிலையங்களுக்குத் தரும் ஜப்பானிய எண்ணில் 204, 206 என்று குறிப்பது அவற்றைத்தான்.

வலப்பக்கத்தில் ஒரு பொறி. டியோடினமும் (சிறுகுடலின் தொடக்கம்) கணையத் தலையும் பச்சையாகத் தெரிந்தால் உடனே முடிச்சு என்று பாயாதீர்கள். முதல்நாள் போட்ட சாயத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாகப் பித்தத்தில் இறங்கி, டியோடினத்துக்குள் வந்திருக்கும். முடிச்சு உருண்டையாக, விளிம்பு தெளிவாக, ஒரு நூலின் முனையில் இருக்கும். பித்தத்தின் ஒளி குடல் வடிவத்தில் பரந்து, குடல் அசையும்போது தானும் நகரும்.

எதிர்பாராத இடத்தில் ஒளிர்ந்தால்? எட்டும் தூரத்தில், பாதுகாப்பாக வெட்டக்கூடியதென்றால் மாதிரியோடு ஒட்டியபடியே எடுங்கள், முடியாவிட்டால் தனியாக எடுத்துத் தனிப் புட்டியில் போடுங்கள். பெருந்தமனிக்குப் பின்னாலோ கணையத்துக்கு அடியிலோ போகும் ஒளியைத் துரத்தக்கூடாது. மேல் மெசென்டெரிக் சிரையின் முன்பக்கம், ஹென்லே தண்டு என்னும் சிரை அதோடு சேரும் இடம், இரண்டும் கிழிந்தால் சில விநாடிகளில் திரையே சிவப்பாகிவிடும். சீனாவில் நடந்த ரெலார்க் ஆய்வு 2021இல் வெளியானபோது, வலப்பக்கத்தில் முழு மெசென்டெரியையும் எடுத்தவர்களிடம் இரத்தக்குழாய்க் காயம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஐ.சி.ஜி.யால் எடுக்கும் முடிச்சுகளின் எண்ணிக்கை கூடலாம். நோயாளி அதனால் நீண்டகாலம் வாழ்கிறார் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அந்தக் கணக்கை மனதில் வைத்துக் கத்தியை எடுங்கள்.

வெட்டி முடித்தபின் மறுபடியும் ஒருமுறை கேமராவைச் சுற்றுங்கள். படுகையில் மிச்ச ஒளி இருந்தால் அது அறுந்த குழாயிலிருந்து கசிந்த சாயமா, விட்டுப்போன முடிச்சா என்று காஸால் ஒற்றிப் பார்த்தாலே தெரியும். ஒற்றினால் போவது கசிவு.

இரத்த ஓட்டச் சோதனை

குடலை இணைக்குமுன் இரத்த ஓட்டத்தைப் பார்க்க அதே சாயத்தைச் சிரையில் போடுவார்கள்: கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி., பின்னால் 10 மி.லி. சலைன். ஒரு நிமிடத்துக்குள் குடல் ஒளிரவேண்டும். இதை எப்போதும் முடிச்சு பார்த்து முடித்த பிறகே செய்யுங்கள். சிரையில் ஏறிய சாயம் எல்லாவற்றையும் ஒளிரச்செய்து பாதையை மறைத்துவிடும். போடும்முன் மயக்கமருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானி சிறிது நேரம் குறைத்துக் காட்டும், சொல்லாவிட்டால் அவர் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வாமை அதிர்ச்சி மிக அரிது, ஆனாலும் அட்ரினலின் கையருகே இருக்கட்டும்.

மாதிரி வெளியே வந்தபின்

ஃபார்மலினில் போடும்முன் பின்மேசையில் மாதிரியை விரித்து மறுபடி கேமராவைக் காட்டுங்கள். ஒளிரும் முடிச்சுகளை ஒரு நிற நூலாலும், ஒளிராமல் கெட்டியாகத் தட்டுப்படுபவற்றை வேறு நிற நூலாலும் குறியுங்கள். நிற விவரம் விண்ணப்பத்தாளில் இருக்கட்டும், ஆய்வகத்தில் அதைத் திறப்பவர் தியேட்டரில் இருந்தவர் அல்லர். குறைந்தது 12 முடிச்சுகளாவது பரிசோதிக்கப்படவேண்டும் என்பது பொதுவான அளவு. எண்ணிக்கை குறைந்து அறிக்கை வந்தால், கொழுப்பை இன்னும் தேடிப்பார்க்கச் சொல்லி நோயியல் மருத்துவரிடம் நேரில் பேசலாம், தப்பில்லை.

அறுவைக் குறிப்பில் எழுதவேண்டியவை: செறிவு, மொத்த மி.லி., எத்தனை இடம், எந்தப் படலம், ஊசிக்கும் முதல் பார்வைக்கும் இடைப்பட்ட நேரம், சிந்தியதா, திட்டமிட்ட எல்லைக்கு வெளியே எந்த எண் நிலையத்தில் ஒளி தெரிந்தது, அதை எடுத்தீர்களா விட்டீர்களா, விட்டால் ஏன். தனிப் புட்டிகளின் எண்ணும் விண்ணப்பத்தாளின் எண்ணும் ஒன்றா என்று ஸ்கிரப் சிஸ்டரோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தபிறகே மூடிகளைத் திருகுங்கள்.